மூன்று கொடிகளுக்கு வாசித்தவர்

வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கிறார் தசரதன் மாஸ்டர். முன்பற்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கிறார். பிறகு கீழுதட்டைப் பிடித்து இழுத்து விடுகிறார். அது பழைய இடத்துக்குத் திரும்பும் வேகத்தைக் கவனிக்கிறார். மாட்டுச் சந்தை என்று தோன்றும். ஆனால் இது கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. நடப்பது சங்கீத வகுப்பு. வாயைத் திறந்துகொண்டு நிற்பவர் காலை ஷிப்டு முடித்து, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருக்கும் நாற்பது வயது சுரங்கத் தொழிலாளி. கிளாரினெட் கற்றுக்கொள்ள ஆசை.

"ஒனக்கு கிளாரினெட்டு வராது," என்கிறார் மாஸ்டர். "டிரம்மு அடி. டிரம்முக்குப் பல்லு வாணாம்."

அவரிடம் கற்பவர்கள் எல்லோரும் இப்படிப்பட்டவர்களே. மாரிக்குப்பத்திலிருந்தும் ஊரிகத்திலிருந்தும் ஷிப்டுக்கு ஏற்றபடி வருவார்கள். கற்றுத் தேறியவர்களை வைத்து மாஸ்டர் ஒரு பேண்டு நடத்துகிறார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான் வாசிக்கும். கல்யாணத்துக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். மீதிப் பேர் பூமிக்கு அடியில் இருப்பார்கள். சாவு என்றால் லீவு கிடைக்கும். ஆகவே முழு பேண்டையும் ஒன்றாகக் கேட்க வேண்டுமென்றால் யாராவது செத்தால்தான் உண்டு.

மாஸ்டரின் பேண்டு அணிவகுத்து நடக்காது. வாத்தியங்களை ஊதிக்கொண்டே, காய்கறி வாங்கப் போகிறவர்கள்போல ஆளுக்கொரு நடையில் போகும். ராணுவத்தில் இருந்தவர் இப்படியா நடத்துவது என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "காலு ஒண்ணா போட்டோம்னா எவனாவது வந்து ஆர்டர் குடுப்பான்."

ராணுவத்துக்கு அவர் போனது பெரிய யுத்தம் தொடங்கிய வருஷம். துப்பாக்கிக்கு உயரம் போதவில்லை. உதடு மட்டும் தடிமனாக இருக்கிறது என்று பேண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே கார்னெட் கொடுத்தார்கள்; கையடக்கமான, குட்டையான பித்தளைக் குழல். பேண்டுக்காரர்களுக்கு இரண்டு வேலை. சண்டை இல்லாதபோது வாசிக்க வேண்டும். சண்டை வந்தால் ஸ்டிரெச்சர் தூக்க வேண்டும். மலேயாவில் வாசிக்க நேரமே கிடைக்கவில்லை என்பார்.

சிங்கப்பூர் விழுந்தபிறகு கைதிகளில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மாஸ்டரும் சேர்ந்தார். யுத்தம் முடியும் தறுவாயில் ரங்கூனில் வெள்ளைக்காரர்கள் அவரைப் பிடித்து, சில மாதம் அடைத்து வைத்து, பென்ஷன் இல்லாமல் ஊருக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் மாலையோடு வந்தார்கள். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி தியாகி மேடையேற வேண்டும், கொடியேற்றும்போது அவர் கையால் வாசிக்க வேண்டும் என்றார்கள்.

மாஸ்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளைக்காரன் கொடிக்கு வாசிச்சேன். எங்க கொடிக்கு வாசிச்சேன். ஜப்பான்காரன் வந்தா அவன் கொடிக்கும் வாசிச்சேன். நான் வாசிச்ச மூணு கொடியும் எறங்கிடிச்சி. இது நல்லாப் பறக்கட்டும்ங்க."

அவர்கள் மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். மனைவி தாயம்மாவுக்கு அதில் வருத்தம். "மாலையாவது வாங்கி வெச்சிருக்கலாம். பூ நல்லா இருந்திச்சி," என்று இன்றைக்கும் சொல்கிறாள். தாயம்மா மார்க்கெட்டில் கீரை விற்கிறாள். சங்கீதத்தைவிடக் கீரை நிலையான தொழில் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மாஸ்டரோடு ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்த இன்னொருவர் ஊரில் இருக்கிறார். பெயர் மாணிக்கராஜ். இருவரும் மாரிக்குப்பத்தில் சுரங்கம் கொடுத்த அடுத்தடுத்த லயன் வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரே கப்பலில் மலேயா போய், ஒரே மைதானத்தில் கைதியானவர்கள். மாணிக்கராஜ் தேசிய ராணுவத்தில் சேரவில்லை. சேராதவர்களை ஜப்பான்காரர்கள் ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விமானத்தளம் வெட்ட வைத்தார்கள். அவர் கூட்டத்தில் போன கோலார் பக்கத்து ஆட்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். வந்தபோது சொந்தத் தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. சர்வீஸ் சுத்தமாக இருந்ததால் சுரங்கத்தில் கேட் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பது அந்த வேலை. தங்கம் வெளியே போய்விடக் கூடாது.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. பஜாரில் மாஸ்டர் எதிரே வந்தால் மாணிக்கராஜ் அந்தப் பக்கம் போய்க் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார். யுத்தம் முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் ராஜா கட்சி, ஒருவர் நாட்டுக் கட்சி, அதனால் பகை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மாணிக்கராஜின் மனைவி நேசமணி மட்டும் தினமும் தாயம்மாவிடம்தான் கீரை வாங்குவாள்.

போன வருஷம் மார்கழியில் ஒரு காலை. நைட் ஷிப்டு முடித்து வந்த மாணிக்கராஜ் காபி குடித்தார். பாதிக் காபி சட்டையில் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இடது கன்னம் செத்துப்போயிருந்தது. இடது கண் மூடவில்லை. தூங்கும்போதும் திறந்தே இருந்தது. வாட்ச்மேனுக்கு அது வசதிதானே என்று மாஸ்டரின் டிரம்மர் வின்னி சொன்னான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இது நரம்புக் கோளாறு, பெரும்பாலும் சரியாகிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். கோடையில் சுரங்கத்தின் மெடிக்கல் போர்டு அவரைச் சோதித்துப் பார்க்கும். வாட்ச்மேன் என்றால் விசில் ஊதத் தெரிய வேண்டும். திருட்டு, தீ, ஆபத்து, எல்லாவற்றுக்கும் விசில்தான். ஊத முடியாதவரை வேலையில் வைத்துக்கொள்ள விதி இல்லை. வேலை போனால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு வீடு அவர்களுக்கு இல்லை.

ஒரு மத்தியானம் நேசமணி படியேறி மாஸ்டரின் அறைக்கு வந்தாள்.

"அண்ணா, அவருக்கு வாய் கோணிக்கிச்சி."

"தாயம்மா சொன்னா."

"ஊதினா காத்து பக்கவாட்டுல போயிடுது. ஊதி ஊதிப் பழகுன்னு டாக்டரு சொன்னாரு. பலூன் வாங்கிக் குடுத்தேன், வீசிட்டாரு. யூனிபாரம் போட்டவன் பலூன் ஊதறதான்னு கேக்கறாரு."

மாஸ்டர் கார்னெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"அவரே இங்க போகச் சொன்னாரா?"

"இல்லண்ணா. நான் போய்ட்டு வரேன்னு சொன்னேன். போவாதேன்னு சொல்லல."

"வரச் சொல்லு," என்றார் மாஸ்டர். "கீழ சைக்கிள் கடையாண்ட நின்னுட்டுப் போயிடக் கூடாது. மேல வரணும்."

மாணிக்கராஜ் வந்தார். காக்கி உடுப்பு, பெல்ட், தொப்பி, பளபளவென்று பூட்ஸ். வாசலில் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டர் அனுப்பினாரு."

"வாயத் திறங்க."

மாஸ்டர் பல்லைப் பார்த்தார். கீழுதட்டை இழுத்துவிட்டார். உதடு இழுத்த இடத்திலேயே நின்றது. விரலால் எடுத்து மெல்ல மேலே ஒட்டினார். கால் நூற்றாண்டில் ஒருவரை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

முதல் பாடத்துக்கு வாத்தியம் கிடையாது. சினிமா டிக்கெட் அளவுக்கு ஒரு காகிதத்தைக் கிழித்து மாஸ்டர் சுவரில் வைத்தார். "காத்தாலயே அது கீழ விழாம நிக்கணும்." மாணிக்கராஜ் சுவரை நோக்கி நின்றுகொண்டு ஊதினார். காகிதம் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் வைத்து ஊதினார். விழுந்தது. மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அந்தப் பாடம் அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

மற்ற மாணவர்களுக்குத்தான் கஷ்டம். "மாஸ்டர், இவரு கேட்டுல என் டிபன் கேரியர தெனம் தொறந்து பாக்கற மனுசன்," என்று வின்னி காதோடு சொன்னான். "சாம்பாருல வெரல உட்டாரு ஒருநாளு."

"சாம்பாரு எப்படி இருந்திச்சாம்?" என்று கேட்டார் மாஸ்டர்.

பொங்கலுக்குப் பிறகு காகிதம் சுவரில் நிற்கத் தொடங்கியது. மாஸ்டர் கார்னெட்டின் மவுத்பீஸை, உதட்டில் வைத்து ஊதும் முனையை, மட்டும் கழற்றிக் கையில் கொடுத்தார். பேச்சு அப்போதும் வளரவில்லை.

"சத்தம் வர்லீங்க."

"வரும்ங்க."

"எப்ப?"

"வர்றப்ப."

ஒரே தெருவில் கோலி விளையாடியவர்கள் 'ங்க' போட்டுப் பேசிக்கொள்வதைக் கேட்கத் தாயம்மாவுக்குச் சகிக்கவில்லை. ஒருநாள் காபி கொண்டுவந்தவள் இரண்டு டம்ளரையும் ஒரே தட்டில், நெருக்கி வைத்துவிட்டுப் போனாள். மாணிக்கராஜ் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார்.

மாசி மாதத்தில் ஒரு மாலை. வின்னி மூலையில் உட்கார்ந்து டிரம்மின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். மாணிக்கராஜ் சுவரை நோக்கி நின்றுகொண்டிருந்தார். திடீரென்று தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கீழே சைக்கிள்கள் வரிசையாகச் சரிந்து விழுந்தன. கோலார் தங்கவயலில் இது புதிதல்ல. பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே ஊரே ஒரு தடவை குலுங்கும். பர்ஸ்ட் என்பார்கள். அதிர்ந்ததும் ஊர்க்காரர்கள் நின்ற இடத்தில் நின்று, எந்த ஷாப்டு, எந்தச் சுரங்கக் குழி என்று காதால் மட்டுக்கட்டுவார்கள். வின்னியும் அப்படித்தான் நின்றான். "சாம்பியன் பக்கம்" என்று ஒரு சுரங்கத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, செய்தி கேட்கப் படியிறங்கி ஓடினான்.

இரண்டு பழைய சிப்பாய்களும் மேஜைக்கு அடியில் இருந்தார்கள்.

எப்படிப் போனார்கள் என்று இருவருக்கும் தெரியாது. முழங்கை தரையில், தலை உள்ளே. மாஸ்டரின் வயிற்றுக்கடியில் கார்னெட். மாணிக்கராஜின் தொப்பி அறை நடுவே கிடந்தது. முகமும் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. பார்க்க வேறு சுவர் இல்லை.

"பர்ஸ்ட்டு," என்றார் மாஸ்டர்.

"தெரியும்."

இருவரும் எழுந்திருக்கவில்லை.

"நீ போனது தப்புன்னு நான் என்னிக்காவது சொன்னனா?" என்றார் மாணிக்கராஜ். கோணலான வாயிலிருந்து சொற்கள் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு வந்தன.

"ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லும். நான் சொன்னனா? சிங்கப்பூர்ல ஜுரக் கொட்டாயில படுத்துக்கினு இருந்தேன். ராவெல்லாம் ஒளர்னேன். காலீல முழிச்சிப் பாக்கறேன், பக்கத்துப் பாயில நீ இல்ல. அந்தப் பக்கம் பூட்டான்னாங்க. வரியாடான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

"மாட்டேன். நேசமணிக்கு மாசாமாசம் சம்பளம் போய்க்கினு இருந்திச்சி. கட்சி மாறினா நின்னுடும்."

"அப்பறம் இன்னா?"

"மாட்டேன்னு சொல்றதுக்காவது கேட்டிருக்கணும் இல்ல?"

மாஸ்டர் மேஜையின் அடிப்பலகையைப் பார்த்தார். அதில் யாரோ சுண்ணாம்பு தடவியிருந்தார்கள்.

"வந்தேன்டா," என்றார். "கொட்டாயிக்கு வந்தேன். ஒனக்கு நெனப்பில்ல. வாயில தண்ணி ஊத்திட்டுப் போனேன்."

"எனக்குத் தெரியாம குடுத்த தண்ணி கணக்குல வராது."

"வராதுதான்."

கீழே யாரோ சைக்கிள்களை நிமிர்த்திவைக்கும் சத்தம் கேட்டது. சுரங்கத்துச் சங்கு ஊதவில்லை. ஊதாதவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். இருவரும் அதற்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படி ஓடுறதுக்கு நாட்டு மேல ஒனக்கு அவ்ளோ ஆசையா?" என்று கேட்டார் மாணிக்கராஜ். "மாரிக்குப்பத்துல ஒருநாளும் நீ அதப் பத்திப் பேசி நான் பாத்ததில்ல."

"வாத்தியத்தெல்லாம் புடுங்கி உருக்கப் போறாங்கன்னாங்க. அந்தப் பக்கம் போனா பேண்டு வெப்பாங்க, கார்னெட்டு நம்மகிட்டயே இருக்கும்னாங்க."

"கார்னெட்டுக்கா போன?"

"ம்."

"நாட்டுக்கு இல்ல?"

"நாட்டப் பத்தி அப்பறமாத்தான் சொன்னாங்க. நல்லாத்தான் சொன்னாங்க. கேட்டு அழுவகூட வந்திச்சி. ஆனா அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டேன்."

மாணிக்கராஜின் தோள் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் மாஸ்டர் நினைக்கிறார். அந்த வாயை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூடாத இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆனால் அது மார்கழியிலிருந்தே வழிந்துகொண்டிருந்த கண்.

"இத்தினி வருசமா ஒன்ன பெரிய மனுசன்னு நெனச்சில்ல திட்டிக்கினு இருந்தேன்," என்றார்.

"ஒண்ணும் இல்லியாம்!" என்று கீழேயிருந்து வின்னி கத்தினான். "ஆளு யாருக்கும் ஒண்ணும் இல்லியாம்!"

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வெளியே வந்தார்கள். வெளியே வருவதற்கு உள்ளே போனதைவிட அதிக நேரம் பிடித்தது.

அதன் பிறகு பாடத்தில் 'ங்க' நின்றது. அதற்குப் பதிலாகத் திட்டு தொடங்கியது. "கன்னத்த உப்பாதே, நீ என்ன தவளையா?" என்பார் மாஸ்டர். "நீ ஒழுங்கா சொல்லிக் குடுத்தா வரும்டா" என்பார் மாணிக்கராஜ். தீவைப் பற்றி மாஸ்டர் கேட்கவில்லை. ஒருநாள் மாணிக்கராஜ் தானாகவே, கூட இருந்து செத்த இருவர் பெயரைச் சொன்னார். மாரிக்குப்பத்து ஆட்கள், மாஸ்டருக்கும் தெரிந்தவர்கள். மாஸ்டர் கார்னெட்டை உறையில் போட்டுவிட்டார். அன்று மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

பங்குனி முடியும்வரை வாய் முழுதாகத் திரும்பவில்லை. கண் மூடத் தொடங்கியது, கன்னம் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். மாஸ்டர் வேறு வழி கண்டுபிடித்தார். உதட்டில் புண் வந்த கார்னெட்காரன் வாயின் ஓரத்தில் வைத்துச் சமாளிப்பதுண்டு. விசிலை நடுவில் வைக்காதே, வலது ஓரம் வை, செத்த பக்கத்தை நாக்கால் உள்ளிருந்து அடை என்றார். முதல் நாள் வெறும் காற்று வந்தது. அடுத்த நாள் எச்சில் வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு சத்தம் வந்தது; கீழே சைக்கிள் கடையில் பம்பு அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

போர்டு கூடிய நாளில் மாணிக்கராஜும் நேசமணியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வெளியே மரத்தடியில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். "சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்தேன்," என்றார். அந்தப் பக்கத்தில் சைக்கிள் கடை கிடையாது. அவரிடம் சைக்கிளும் கிடையாது. நேசமணி உள்ளே போனாள்.

உள்ளே டாக்டர் மாணிக்கராஜை நெற்றியைச் சுருக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். எல்லாம் பாதிப் பாதி நடந்தது. டாக்டர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். நேசமணி கதவோரம் நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விசிலை ஊதச் சொன்னார்கள்.

மாணிக்கராஜ் விசிலை வலது ஓரத்தில் பொருத்தி, கண்ணை மூடி, ஊதினார். மருந்துக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரியின் வாட்ச்மேன் ஓடிப்போய்க் கேட்டை மூடினார். மரத்தடியில் மாஸ்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "ஸ்வரம் கொஞ்சம் கீழ நிக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே டாக்டர் "போதும், போதும்" என்றார். மாணிக்கராஜ் உடனே நிறுத்தவில்லை.

வேலை நிலைத்தது. வீடும் நிலைத்தது. மாணிக்கராஜ் பாடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார், சொல்லிக்கொள்ளவும் இல்லை. பஜாரில் எதிரே வந்தால் இப்போது கயிறு கட்டுவதில்லை. வாயின் ஒரு பக்கத்தால் ஏதோ சொல்வார்; மாஸ்டர் தலையாட்டுவார். அதை நட்பு என்று சொல்லலாமா என்று கேட்டால் தாயம்மா, "ஒரு கட்டு கீர அதிகமா வாங்கறா நேசமணி, அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்கிறாள்.

இந்த வருஷம் ஆயுதபூஜைக்குச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வாசிக்க மாஸ்டரின் பேண்டைக் கூப்பிட்டார்கள். ஊர் திரும்பியதிலிருந்து அந்தக் கேட்டுக்குள் கால் வைக்காதவர், மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. வாசித்து முடித்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு பேண்டு வெளியே வந்தது. கேட்டில் மாணிக்கராஜ். பண்டிகை என்று விதி மாறாது. டிரம்மைத் திருப்பித் தட்டிப் பார்த்தார். கிளாரினெட்டுகளுக்குள் டார்ச் அடித்தார். வின்னியின் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மாஸ்டரின் முறை வந்தது.

"கையத் தூக்கு."

தூக்கினார். மாணிக்கராஜ் அக்குள், இடுப்பு, கணுக்கால் என்று எதையும் விடாமல் தடவினார். கார்னெட்டை வாங்கிக் கவிழ்த்து உதறினார். உள்ளே தேங்கியிருந்த எச்சில் நீர் அவர் பூட்ஸ் மேலேயே சொட்டியது. சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டு, தீப்பெட்டி, ஒரு துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்து, எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தார். பையின் பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஷிப்டு முடிந்த ஆட்கள் வரிசையில் முண்டத் தொடங்கினார்கள். மாணிக்கராஜ் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல், நூலைப் பட்டனின் அடியில் சுற்றிச் சுற்றி இறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டு, பையை மூடிப் பட்டனை மாட்டிவிட்டார்.